கயிற்றின் மறுமுனையில் நான்

காலை ஆறரைக்கெல்லாம் நாங்கள் வேலைக் காணியில் நிற்போம். வெயில் ஏறினால் மரத்தில் நிற்பவருக்குக் கை வியர்க்கும், கண் கூசும். சோளகக் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு காற்றும் எழும்பிவிடும். அதற்கு முன் ஏறி, வெட்டி, இறங்கிவிட வேண்டும்.

நான் மரம் ஏறுவதில்லை. ஏறுபவர் என் தம்பி. நான் நிலத்தில் நின்று கயிறு பிடிப்பவள். வெட்டுகிற கொப்பு ஓட்டிலோ கிணற்றிலோ விழாமல், அதைக் கட்டிய கயிற்றை அடிமரத்தில் சுற்றிப் பிடித்து மெல்ல மெல்ல இறக்குவது என் வேலை. வேலை பேசுவது, விலை சொல்வது, கணக்கு எழுதுவது என்பனவும் என் பொறுப்பே. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் முடியாது என்று சொல்வது. இதைப் பழகத்தான் எங்கள் குடும்பத்துக்கு அதிக காலம் பிடித்தது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது.

மேல்நாடுகளில் இந்தத் தொழில் செய்பவரை மரத்துக்குச் சத்திரசிகிச்சை செய்பவர் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு. எங்கள் ஊரில் "கொப்பு வெட்டிற ஆக்கள்" என்பார்கள். மரமேறுவதைக் குறைந்த தொழிலாகப் பார்க்கும் வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. ஆனால் கூரைக்கு மேல் கொப்பு சாய்ந்துவிட்டால் எல்லோரும் தேடி வருவது எங்களைத்தான்.

தலையில்லாத தென்னைகள்

2010 இல் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது எங்கள் வளவு காடாகிக் கிடந்தது. வீட்டுக்குள் வேம்பு முளைத்திருந்தது. கிணற்றைப் பற்றை மூடியிருந்தது. தென்னைகளும் பனைகளும் தலை இல்லாமல் கம்பங்களாக நின்றன.

வேம்பையோ மாவையோ செல் முறித்தால் அது பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கும் பனைக்கும் உயிர் உச்சியில் உள்ள ஒரே குருத்தில்தான். குருத்துப் போனால் மரமும் போய்விட்டது. அப்படிப் பட்ட மரம் சில காலம் நிற்கும், பிறகு உக்கி, ஒரு மழையில் விழும். பிள்ளைகள் விளையாடும் வளவில் அதை விட்டுவைக்க முடியாது.

என் கணவர் சண்டைக்கு முன்பே தேங்காய் பறிக்க ஏறிப் பழகியவர். ஒரு கத்தி, ஒரு கைவாள், கடனுக்கு வாங்கிய கயிறு, இவற்றோடு தொடங்கினார். முதலில் அயலவரின் வளவுகள். பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். 2012 இல் சீட்டுக் காசில் பழைய இயந்திர வாள் ஒன்றை வாங்கினோம். யாருக்கும் கீழே வேலை செய்யத் தேவையில்லை என்று அவருக்குப் பெருமை. எனக்கும்தான்.

மரத்துக்குள் இரும்பு

2014 இல் ஒரு வீட்டில் வேம்பின் கொப்பு வெட்டப் போனார். அன்று நான் கூடப் போகவில்லை. வீட்டுக்காரருக்கு அவசரம், மறுநாள் வீட்டில் விசேடம். "அரை மணித்தியால வேலைதானே" என்றாராம். இவரும் இடுப்புக் கயிற்றைப் பையிலேயே விட்டுவிட்டு ஏறினார்.

அந்தக் கொப்புக்குள் செல் துண்டு ஒன்று இருந்தது. வாள் இரும்பில் பட்டுத் துள்ளியது, சங்கிலி அறுந்தது. இவர் நிலை தடுமாறிக் கிணற்றுக் கட்டில் விழுந்தார். முள்ளந்தண்டு அடிபட்டது. உயிர் தப்பியது, கால்கள் வரவில்லை. இன்றுவரை சக்கர நாற்காலிதான்.

போர் நடந்த நிலத்தில் நிற்கும் மரங்களுக்குள் சன்னங்களும் செல் துண்டுகளும் இருக்கின்றன. பட்ட காயத்தின் மேல் பட்டை வளர்ந்து மூடிவிடும். ஆண்டுகள் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. மரக்காலைக்காரர் எங்கள் பக்கத்து மரக்குற்றிகளை யோசித்து யோசித்து வாங்குவதும் இதனால்தான். பட்டையில் பழைய தழும்போ காரணமில்லாத வீக்கமோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வெட்டிய முகத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். அங்கே இயந்திர வாளை நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் அவர் விழுந்தது இரும்பினால் மட்டும் அல்ல. கயிறு கட்டாமல் ஏறியதாலும், பிறருடைய அவசரத்தை நம்முடைய அவசரமாக எடுத்துக்கொண்டதாலும்தான். அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் வந்து பார்த்தார். பிறகு வரவில்லை.

முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே

நட்டஈடு கேட்கலாமா என்று விசாரித்தேன். வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் நாட்டில் 1934 இலிருந்தே இருக்கிறது. ஆனால் அது ஒருவரிடம் வேலைக்கு அமர்ந்தவருக்கானது. என் கணவர் சொந்தமாகத் தொழில் செய்தவர். அவருக்கு முதலாளி அவரேதான். ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. "யாருக்கும் கீழே இல்லை" என்பதன் மறுபக்கம் எனக்கு அன்றுதான் விளங்கியது. விழுந்தால் தாங்குவதற்கும் கீழே யாரும் இல்லை.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் வழிகள் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சமூகப் பாதுகாப்புச் சபை, சுயதொழில் செய்வோருக்கென ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. இதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் சுயதொழில் செய்பவர் தாமாகச் சேர்ந்து பணம் கட்டலாம். இவற்றை நான் முன்பே அறிந்திருந்தால் என்ற எண்ணம் இப்போதும் வரும். மரமேறுபவர், கடலுக்குப் போபவர், கட்டட வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதமே ஒருநாள் செயலகத்துக்குப் போய் விசாரியுங்கள்.

ஒரு வருடம் கச்சான் வறுத்து விற்றேன். அது போதவில்லை. வேலை கேட்டு ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. தம்பி "அக்கா, நான் ஏறுறன்" என்றான். எனக்கு நடுக்கம். கணவர்தான் சொன்னார்: "அவன் ஏறட்டும். நான் கீழே இருந்து பார்க்கிறன். கயிற்றை நீ பிடி." அப்படித்தான் மீண்டும் தொடங்கியது. முடிந்த இடங்களுக்கு அவரையும் ஓட்டோவில் கூட்டிப்போவோம். எந்தக் கொப்பு எந்தப் பக்கம் சாயும் என்று அவர் நாற்காலியில் இருந்து சொன்னால் அது தவறுவதில்லை.

வருகிற நூறு ரூபாவையும் இப்படிப் பிரிக்கிறோம். ஏறுபவருக்கு நாற்பது, நிலத்தில் நிற்பவருக்கு இருபத்தைந்து. எண்ணெய், சங்கிலி, கயிறு இவற்றுக்கு இருபது. மிச்சம் பதினைந்து பெட்டிக்கு. அந்தப் பெட்டியை எதற்கும் திறப்பதில்லை. தம்பியின் சந்தாவும், வேலையில்லாத மாதத்து அரிசியும் அதிலிருந்துதான். 2022 இல் பெற்றோல் இல்லாமல் இயந்திர வாள் மூலையில் கிடந்தபோது, கைவாளும் அந்தப் பெட்டியும்தான் எங்களைக் காப்பாற்றின.

மரத்தின் காயம்

தொழிலைக் கற்கக் கற்க, வெட்டுவதை விட எங்கே வெட்டுவது என்பதே பெரிய விடயம் என்று தெரிந்தது. அமெரிக்காவில் அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ஏராளமான மரங்களைப் பிளந்து பார்த்து ஓர் உண்மையைச் சொன்னார். நம் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. பழுதான பகுதியை மரம் உள்ளேயே மதில் கட்டி ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றிப் புதிதாக வளர்கிறது. ஆகவே வெட்டுவாயில் தாரோ சாணியோ பூசுவதால் பயன் இல்லை. வெட்டு சரியான இடத்தில் இருந்தால் போதும்.

கொப்பும் அடிமரமும் சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தை வெட்டக்கூடாது. அதற்கு வெளியே வெட்ட வேண்டும். நீளமாகக் கட்டையும் விடக்கூடாது. பாரமான கொப்பை ஒரே வெட்டில் எடுத்தால் பட்டை அடிமரம் வரை உரிந்துவிடும். அதனால் முதலில் ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் சிறு வெட்டு. பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து வெட்டிக் கொப்பை இறக்க வேண்டும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக வளையத்துக்குச் சற்று வெளியே எடுக்க வேண்டும்.

"மரத்தை மொட்டையடித்து விடுங்கோ" என்று பலர் கேட்பார்கள். மொட்டையடித்த மரம் நிறையத் துளிர்க்கும். ஆனால் அந்தத் துளிர்கள் உறுதியாகப் பிடித்திருப்பதில்லை. சில வருடங்களில் அவையே காற்றுக்கு முறியும். இதைச் சொல்லி வேலையைக் குறைத்தால் அன்றைய வருமானம் குறையும். ஆனால் அந்த வீட்டார் அடுத்த வருடமும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வேலைக்கு ஆள் பிடிக்கும் சகோதரிகளுக்கு

ஆண் துணையில்லாத வீடுகளில் மரம் வெட்டுவிப்பதும் பெண்ணின் தலையில்தான். ஆகவே சில விடயங்கள்:

• பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கள் சொந்தக் காணியிலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதேச செயலகத்தில் அனுமதி பெற வேண்டும். முதலில் கிராம அலுவலரிடம் பேசுங்கள். குற்றிகளை ஏற்றிச் செல்ல அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

• மின்கம்பிக்குக் கிட்ட உள்ள கொப்பை யாரும் தொட வேண்டாம். மின்சாரக் கந்தோருக்கு அறிவித்து, மின்னை நிறுத்திய பிறகே வேலை.

• கண்ணிவெடி அகற்றி முடிக்காத இடத்தில் விறகுக்கும் கால் வைக்க வேண்டாம்.

• விலை பேசும்போதே கொப்பும் விறகும் யாருக்கு, குப்பை அள்ளுவது யார் என்று பேசி, எழுதி வையுங்கள்.

• கயிறு கட்டாமல் ஏறுபவரை ஏற விடாதீர்கள். அவசரப்படுத்தாதீர்கள். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

மறுத்த வேலைகளின் கொப்பி

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்துபோன மறுநாள் ஒரு தாய் ஓடி வந்தார். இலுப்பை ஒன்று வேரோடு சரிந்து அவர் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. மூன்று பெண்பிள்ளைகள். போய்ப் பார்த்தோம். மரம் முறுகி நின்றது. ஒரு கொப்பை வெட்டினால் மற்றப் பக்கம் எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியவில்லை. மழையும் விடவில்லை. "இன்றைக்கு முடியாது அம்மா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாங்கோ" என்றேன். அழுதார், ஏசவும் செய்தார். அன்றிரவு எங்கள் வீட்டில்தான் படுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மழை விட்ட பிறகு, நுனியிலிருந்து சிறிது சிறிதாக வெட்டி மரத்தை எடுத்தோம். சுவரில் ஒரு வெடிப்பு. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். செய்த வேலைகளின் கணக்கு வேறு. இது மறுத்த வேலைகளுக்கு. திகதி, இடம், மறுத்த காரணம். காற்று, கம்பி, உக்கிய அடி, குளவிக்கூடு, வீட்டுக்காரரின் அவசரம். மறுத்ததால் போன காசையும் எழுதுவேன். வாசித்தால் வயிறு எரியும். ஆனால் அந்தப் பக்கங்கள் முழுவதிலும் விழுந்தவர் ஒருவரும் இல்லை.

கேரளாவில் தென்னை அபிவிருத்திச் சபை 2011 இலிருந்து ஏறும் கருவியோடு தென்னை ஏறப் பயிற்சி கொடுத்தது. பெண்களும் கற்று ஏறுகிறார்கள். அதைச் சொன்னபோது எங்கள் ஊரில் சிரித்தார்கள். நான் கயிறு பிடித்தபோதும் சிரித்தவர்கள்தான். இப்போது விலை பேச என்னிடம் வருகிறார்கள்.

என் மகனுக்குப் பதினெட்டு வயது. தானும் ஏற வேண்டும் என்கிறான். வேண்டாம் என்று சொல்ல என் மனம் துடித்தது. சொல்லவில்லை. தகப்பன் ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு வருடம் நிலத்தில் நிற்க வேண்டும். கயிறு, முடிச்சு, மரத்தைப் பார்க்கும் பார்வை, மூன்றும் வந்த பிறகுதான் ஏற்றம்.

போன கிழமை ஒரு மாமரம் பார்க்கப் போனோம். அவன் மரத்தை மூன்று தரம் சுற்றி வந்தான். அடியில் கையால் தட்டிப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "அம்மா, உள்ளுக்குக் கோறை. இதிலை மாமாவை ஏத்த வேண்டாம்" என்றான்.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். அன்றைய பக்கத்தை அவனே எழுதினான்.