கொலை வழக்கும் கண்கண்ட சாட்சியும்

வைகாசித் திங்களில் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலுமுள்ள ஊர்களிற் கண்ணகை அம்மன் சடங்கு நிகழும். அப்போது கோயில்களிற் படிக்கப்பெறும் நூலின் பெயர் 'கண்ணகி வழக்குரை'. தெய்வத்தின் கதை ஒரு வழக்கின் பெயரால் வழங்குவது கருதத்தக்கது. சிலப்பதிகாரக் கதையின்படி, அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே கோவலன்மீது குற்றஞ் சாட்டினான். பாண்டியன் அச்சொல்லை ஆராயாது கொலைத் தண்டம் விதித்தான். கண்ணகி உடைத்த சிலம்பினின்று மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பிற் பெய்திருந்ததோ முத்து. வாய்ச்சொல் பொய்த்தவிடத்துப் பொருள் மெய் கூறிற்று. எனினும், கோவலன் உயிர் நீங்கிய பின்னரே கூறிற்று.

இத்தகைய பிழை நேராவண்ணம் காப்பதே சான்றுச் சட்டத்தின் நோக்கமாகும். இலங்கையில் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. ஒன்றை நிறுவுதற்கு இத்தனை சாட்சிகள் வேண்டுமென்னும் வரையறை இல்லையென அதன் 134ஆம் பிரிவு கூறும். எனவே, நம்பத்தகுந்த ஒருவரின் சாட்சியமே கொலைக்குற்றத்தை நிறுவப் போதுமானதாகலாம். நம்பத்தகாத நூறுபேரின் சாட்சியம் பயன்படாது. கண்டதைக் கண்டவரே கூறல் வேண்டும் என்பது 60ஆம் பிரிவு. அவ்வாறு கூறுவோரும் குறுக்கு விசாரணைக்கு உட்படல் வேண்டும்.

கண்டவர் பொய்யராதல் ஒன்று. மெய்யர் மயங்குதல் மற்றொன்று. இரவு, அச்சம், தொலைவு, இடையிற் கழிந்த காலம் ஆகிய யாவும் காட்சியைத் திரிக்கும். அமெரிக்காவில் மரபணுச் சோதனையாற் குற்றமற்றவரெனப் பின்னர்த் தெளியப்பட்டோருட் பெரும்பாலோர், பிழையான அடையாளங் காட்டலினாலும் தண்டனை பெற்றவராவர். ஆதலாலன்றோ அடையாள அணிவகுப்பைக் காலந் தாழ்த்தாது நடத்தல் வேண்டுமென வற்புறுத்துவர்.

இனி, மட்டக்களப்பு நகரிலேயே நிகழ்ந்த ஒரு வழக்கை நோக்குவோம். 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, புனித மரியாள் பேராலயத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் துணைவியாரும் காயமுற்றார். ஆலயத்தில் வழிபடுவோர் நிறைந்திருந்தனர். ஆயினும், சந்தேகத்தின் பேரிற் கைதுகள் நிகழ ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. 2015ஆம் ஆண்டிலேயே அவை நிகழ்ந்தன.

பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் செல்லாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்களித்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படுவதைச் சான்றாக ஏற்க இடந் தந்தது. இவ்வழக்கில் அச்சட்டத்தின்கீழ் முன்வைக்கப்பட்ட ஒப்புதல்களை ஏற்றல் கூடாதென 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2021 சனவரியில் வழக்கைத் தொடர்வதில்லையெனச் சட்டமா அதிபர் சார்பில் அறிவிக்கப்பட, மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் எதிரிகளை விடுவித்தது. வழக்கைத் தாங்கிய தூண் அவ்வொப்புதல்களே என்பது இதனாற் புலனாகும்.

விடுவிக்கப்பட்டோர் சட்டத்தின்முன் குற்றமற்றவரே. அச்சத்தாலோ ஆசை காட்டியோ பெறப்படும் ஒப்புதல் உண்மைக்கு உறுதியாகாது. அதனை விலக்கும் விதி குற்றவாளிக்குச் சலுகையன்று, குடிகள் யாவர்க்கும் காப்பு. ஆயினும் நிறைந்த சபையில் நிகழ்ந்த கொலைக்கு இன்னார் பொறுப்பென இவ்வழக்கிற் கூறப்படாமலே போயிற்று. ஒப்புதலை நம்பி எழுப்பப்பெறும் வழக்கு, அது விலகியதும் சரிவது இயல்பு. உடனடியாகப் பெறப்படும் கண்கண்ட சாட்சியமும், அறிவியல் முறையால் ஆராயப்படும் தடயமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பின் வழக்கு நிலைபெறும்.

சாட்சி கூறுவோன் தன் உயிருக்கு அஞ்சுமிடத்து அவன் கண்டது அவனுள்ளேயே மறையும். இதனையுணர்ந்தே 2015ஆம் ஆண்டிற் சாட்சிகளைப் பாதுகாத்தற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அது ஏட்டளவில் நில்லாது, சாட்சிக் கூட்டில் ஏறுவோரின் இல்லம் வரை சென்று காத்தல் வேண்டும். வழக்குரைத்த கண்ணகிக்கு அரசவையின் வாயில் திறந்திருந்தது; உண்மை கூறவரும் ஒவ்வொருவர்க்கும் அவ்வாயில் அச்சமின்றித் திறந்திருத்தலே நீதியின் முதற்படியாகும்.