விசா வகை தெரியாமல் பணம் கட்டாதீர்!



ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்குவதென்றாலும் குத்தூசி விட்டுச் சாம்பிள் எடுத்து, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, எடை போட்ட பிறகே நாம் பணம் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும்போது மட்டும் ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பி லட்சக்கணக்கில் கட்டிவிடுகிறோம். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஏமாந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதே தகுதி.

2023 பிப்ரவரியில் ஒருநாள், எங்கள் மண்டியில் 20 வருடமாகக் கணக்கு எழுதுபவர் தயங்கியபடி வந்து நின்றார். "அண்ணாச்சி, பையனுக்கு அமெரிக்கா அமையுது. நாலு லட்சம் கட்டணும். அஞ்சு கம்பெனி பேர்ல பதிவு போடுவாங்களாம், ஒண்ணு விழுந்தே தீருமாம்" என்றார். பையன் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படித்தவன், கெட்டிக்காரன். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 2 லட்சம் ரூபாயைக் கைமாற்றாக எடுத்துக் கொடுத்தேன். மீதிக்கு அவர் வீட்டு நகை அடகுக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து, "குலுக்கலில் பெயர் விழவில்லை, கட்டியது சர்வீஸ் சார்ஜ்" என்று ஏஜெண்டு கையை விரித்துவிட்டார். அதன் பிறகுதான் நான் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்து இந்த விசா விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். முன்பே விசாரித்திருந்தால் பணம் தப்பியிருக்கும்.

எச்-1பி என்பது என்ன?

பட்டப்படிப்பு தேவைப்படும் தொழில்நுட்ப வேலைகளுக்கு அமெரிக்கா தரும் விசா இது. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்காவிலேயே முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 பேர் என்பது உச்சவரம்பு. முதலில் மூன்று ஆண்டு, பிறகு நீட்டித்து மொத்தம் ஆறு ஆண்டு வரை கிடைக்கும்.

முக்கியமான விஷயம், இதற்கு விண்ணப்பிப்பவர் வேலை கொடுக்கும் அமெரிக்கக் கம்பெனி. வேலை தேடும் பையன் தானாக விண்ணப்பிக்க முடியாது. மார்ச் மாதத்தில் கம்பெனி அவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுகள் வரம்பை மீறினால் எல்லோருக்கும் கிடைக்காது, தேர்வு நடக்கும். 2023-இல் வந்த பதிவுகள் 7 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். இந்த நிலையில் "நிச்சயம் கிடைக்கும்" என்று எவராலும் சொல்ல முடியாது.

அந்த ஆண்டு ஒரு பதிவுக்குக் கட்டணம் 10 டாலர். ஐந்து கம்பெனி பெயரில் போட்டதாகவே வைத்துக்கொண்டாலும் 50 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 4,100 ரூபாய். அதற்குத்தான் எங்கள் கணக்குப்பிள்ளை 4 லட்சம் கட்டினார்! ஒரே ஆளுக்குப் பல கம்பெனிகள் கூடிப்பேசிப் பதிவு போட்டு வாய்ப்பைப் பெருக்குவது அப்போதே முறைகேடுதான். 2024 முதல் எத்தனை பதிவு போட்டாலும் ஆளுக்கு ஒரே வாய்ப்பு என்று விதியையே மாற்றிவிட்டார்கள்.

2025 செப்டம்பரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்குப் புதிதாக எச்-1பி கேட்கும் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று, ஓராண்டுக்கு என வெளியிட்டார்கள். இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பழைய கதையைச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் இன்றைய விதி என்ன என்று முதலில் கேளுங்கள்.

இடைத்தரகர் சங்கிலி

வேலை எங்கே, யாரிடம் என்பது அடுத்த கேள்வி. இது நம் வியாபாரம் போலவே நடக்கிறது. அமெரிக்காவில் ஒரு வங்கிக்கு ஆள் தேவை என்றால் அது பெரிய ஒப்பந்தக் கம்பெனியிடம் சொல்லும். அவர்கள் சிறிய கம்பெனியிடம் சொல்வார்கள். அந்தச் சிறிய கன்சல்டன்சிதான் பையனுக்கு விசா எடுத்து அனுப்பும். வங்கி மணிக் கணக்கில் கொடுக்கும் பணத்தில் ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்டு, மீதிதான் பையனுக்குச் சம்பளம். இதில் தவறில்லை, தரகு நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேலை கிடைக்கும் வரை "பெஞ்ச்" என்று சொல்லிச் சம்பளமில்லாமல் உட்கார வைப்பது சட்டவிரோதம். வேலை தரும் கம்பெனி, அந்த ஊரில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்துக்குக் குறையாமல் கொடுப்பேன் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு எழுதிக் கொடுத்த பிறகே விசா மனு போட முடியும். மனுவுக்கான வக்கீல் செலவையும் பையன் தலையில் கட்டக் கூடாது.

விசா அந்தக் கம்பெனியோடு கட்டுண்டது. வேலை போனால் வேறு கம்பெனி பார்க்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அவ்வளவுதான்.

மற்ற வகைகள்

எல்-1: ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாகிப் போவது. கடந்த மூன்று ஆண்டுக்குள் தொடர்ந்து ஓராண்டாவது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். இதற்குக் குலுக்கல் இல்லை.

பி-1: வியாபாரப் பேச்சு, கூட்டம் இவற்றுக்குப் போய்வர மட்டுமே. இதை வைத்து அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. "பி-1-இல் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

எஃப்-1: மாணவர் விசா. படிப்பு முடிந்ததும் படித்த துறையில் ஓராண்டு பயிற்சி வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும்.

எச்-4: எச்-1பி விசாவில் இருப்பவரின் மனைவி அல்லது கணவர், குழந்தைகளுக்கு. இது வேலை விசா அன்று.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

விசாவின் வகை என்ன? மனு போடும் கம்பெனியின் பெயர், முகவரி என்ன? சம்பளம் எவ்வளவு, எந்த ஊரில் வேலை? இவற்றை எழுத்தில் தருவார்களா? பணத்துக்கு முறையான ரசீது உண்டா?

ஏஜெண்டு நம் நாட்டில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். 1983-ஆம் ஆண்டு எமிக்ரேஷன் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவுச் சான்று பெற வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு உண்டு. சந்தேகம் இருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்டுத் தெளியலாம்.

எங்கள் கணக்குப்பிள்ளையின் மகன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாதம் தவறாமல் 5,000 ரூபாய் அனுப்பிக் கடனை அடைக்கிறான். நான் கொடுத்த 2 லட்சத்தில் பாதியை என் பெயரில் பற்று எழுதிக் கழித்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று மறுத்தார். "கேட்க வேண்டியதைக் கேட்காமல் கொடுத்தது என் தப்பு" என்றேன். நகை மீண்டு வந்துவிட்டது என்பது ஒரு நிம்மதி.

நம் கடைவீதியில் கைமாற்றுக் கேட்டு வருபவர்கள் நம்மை நம்பி வருகிறார்கள். பணத்தோடு இந்த நாலு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்.