100 மீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர்

“அண்ணா, ஷோரூம்ல 120 கிலோமீட்டர் ஓடும்னு சொல்றாங்க. நமக்குப் போக 40, வர 40. தாராளமா போதுமே, எடுத்துரலாமா?”

ஏற்காட்டை அடுத்த நாகலூர் டீக்கடையில், சேலத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டது இது. (சுற்றிலும் காபித் தோட்டம், கையில் டீ. சேர்வராயன் மலையில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.) பஸ் நேரத்துக்குக் காத்திருந்து அலுத்தவர்களும், பெட்ரோலுக்குக் கொடுத்து அலுத்தவர்களும் இப்போது மின்சார ஸ்கூட்டர் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எடுக்கலாம்தான். ஆனால் 120-லிருந்து 80-ஐக் கழித்து 40 மிச்சம் என்று போடும் கணக்கு அடிவாரத்தோடு முடிந்துபோகும். மலையில் கேட்க வேண்டியது எத்தனை கிலோமீட்டர் என்று அல்ல, எத்தனை மீட்டர் உயரம் என்று.

முதலில் அந்த 120 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு பரிசோதனைக் கூடத்தில் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, 108 விநாடி நீளமுள்ள ஓர் ஓட்ட முறையைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். அதில் உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி 22. பேட்டரி தீரும்வரை உருளை சுற்றிய தூரம்தான் விளம்பரத்தில் வரும் எண். எதிர்காற்று கிடையாது, பின்னால் அமர்ந்த மனைவி கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையவே கிடையாது. பொய் என்று சொல்ல மாட்டேன். வேறொரு ஊரின் உண்மை. வேடிக்கை என்னவென்றால், நாட்டில் விற்கும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு நமக்கு வடக்கே ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும்தான் உருவாகிறது. ஏத்தரும் டிவிஎஸ்ஸும் ஓசூர், ஓலா போச்சம்பள்ளி. ஏற்காட்டுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, மலையேற்றத்தில் எவ்வளவு போகும் என்று ஒரு வரி அச்சிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வரியை நாமே எழுதிக்கொள்ளலாம். வண்டி 120 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, ஆக 195 கிலோ. இதை 100 மீட்டர் உயரம் தூக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்: நிறை, உயரம், புவியீர்ப்பு மூன்றையும் பெருக்க வேண்டும். மோட்டாரிலும் வயரிலும் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டில் பதினைந்தில் ஒரு பங்கு வருகிறது. அதே மின்சாரம் சமதளத்தில், ஊருக்குள் ஓட்டும் சாதாரண வேகத்தில், வண்டியை ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் இழுத்துச் செல்லும். ஆகவே இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: தனியாகப் போனால் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் தூரத்தோடு இரண்டரை கிலோமீட்டர் கூட்ட வேண்டும். பின்னால் ஆள் இருந்தால் மூன்றரை.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியது. இடையில் 1,200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் கூட வைத்தாலும் கெடுதல் இல்லை. பன்னிரண்டு நூறுக்கு இரண்டரை வீதம் 30. அடிவாரத்திலிருந்து மேலே 20 வளைவுகளோடு இருபது கிலோமீட்டர் சொச்சம் பாதை. இரண்டையும் கூட்டினால் 50. அதாவது மைல் கல் 20 என்று சொன்னாலும் பேட்டரி அதை 50 என்றுதான் வாசிக்கும். இருவர் என்றால் 60-ஐத் தாண்டிவிடும்.

இப்போது தம்பியின் ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். நாகலூரிலிருந்து ஏற்காடு பத்து கிலோமீட்டர் போல. ஏறி இறங்கும் சாலை என்பதால் 13 என்று எழுதுவோம். மலையிறக்கம் பூஜ்யம். அடிவாரத்திலிருந்து கோரிமேடு, அஸ்தம்பட்டி வழியாக வேலை இடம் பத்து. சேலத்துக்குள் அங்கே இங்கே அலைய பத்து. திரும்பி அடிவாரம் பத்து. ஏற்றம் 50. மறுபடி நாகலூருக்கு 13. மொத்தம் 106. பேட்டரி 3 யூனிட் (ஷோரூமில் இதைத்தான் கிலோவாட் அவர் என்பார்கள்) உள்ள வண்டி, ஊருக்குள் நிஜமாக ஓடுவது 100 கிலோமீட்டர் சொச்சம். புது வண்டியே ஏற்காட்டின் ஒண்டிக்கடை தாண்டி இருட்டில் மூச்சு வாங்கும். பேட்டரியோ ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறையும் பொருள். எட்டு ஆண்டு வாரண்டி தரும் நிறுவனமே எட்டாம் ஆண்டில் 70 சதவீதம் மிஞ்சும் என்றுதான் உறுதி சொல்கிறது.

ஆகவே 3 யூனிட் வண்டி என்றால் சேலத்தில் வேலை செய்யும் இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் சார்ஜ் போட ஒரு பிளக் உறுதியாக வேண்டும். முதலாளியிடம் முதலில் அதைக் கேட்டுவிட்டுப் பிறகு ஷோரூமுக்குப் போவது நல்லது. பிளக் கிடைக்காது என்றால் 4 யூனிட்டுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். நாகலூரிலிருந்து ஏற்காடு வரை மட்டும் போய்வருபவருக்கு 2 யூனிட் வண்டியே மிச்சம். அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

“இறங்கும்போது சார்ஜ் ஏறுமாமே, ஏறினது இறங்குறப்ப திரும்பி வந்துடாதா?” என்பது அடுத்த கேள்வி. வரும், ஆனால் முழுதாக வராது. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தைப் பிடித்து மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. டயர் உராய்வும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில்தான் இது கைவைக்க முடியும். ஏற 1.3 யூனிட் செலவழித்த பாதையில் இறங்கும்போது 0.15 யூனிட் திரும்பினால் அதிர்ஷ்டம். ஐந்தாறு கிலோமீட்டர். அதை நம்பி யாரும் வண்டி வாங்க வேண்டாம்.

அந்த வசதியின் உண்மையான மதிப்பு மின்சாரத்தில் இல்லை, பிரேக்கில் இருக்கிறது. மலையில் இருப்பவர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

இறக்கத்தில் வண்டி தானாக வேகமெடுக்கும். அந்த வேகத்தை எங்காவது வெப்பமாகக் கழித்தாக வேண்டும். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஒரு ஆள் நிதானமாக இறங்கும்போது பிரேக்குகள் விழுங்க வேண்டிய வெப்பம், நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கியர் பைக்கில் இரண்டாம் கியரில் போட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் ஸ்கூட்டரில் கியர் இல்லை. வேகம் குறைந்தால் கிளச்சும் விட்டுவிடும். முழுச் சுமையும் பிரேக் லைனிங் மேல். பத்தாவது வளைவுக்குள் லீவர் இளகுவதும், கருகல் வாடை வருவதும் இப்பக்கம் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். மின் ஸ்கூட்டரில் அந்தச் சுமையில் பாதியை மோட்டார் வாங்கிக்கொள்கிறது. மலையிறக்கத்துக்கு அது பெட்ரோல் ஸ்கூட்டரை விடப் பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன்.

பேட்டரி முழுதாக நிரம்பியிராதவரை. நிறைகுடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. 100 சதவீதத்தில் இருக்கும் பேட்டரிக்கு மோட்டார் அனுப்பும் மின்சாரத்தை வைக்க இடமில்லை. உள்ளே திணித்தால் செல்கள் கெடும். ஆகவே வண்டியின் மூளை அந்தப் பிடியையே குறைத்துவிடும், சில வண்டிகளில் நிறுத்திவிடும். ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி வழக்கம்போல் மந்தப்படும் என்று நம்பி வளைவுக்குள் நுழைபவர், அது நழுவி ஓடுவதை அப்போதுதான் பார்ப்பார்.

இதில் நாகலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100-இல் கிளம்பினாலும், ஏற்காடு வந்து முதல் வளைவைப் பார்ப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைந்திருக்கும்; பேட்டரியில் இடம் பிறந்துவிடும். ஆபத்து ஏற்காடு ஏரிக்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கும், விடுதியில் தங்கி ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் நேராக வளைவில் இறங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும்தான். மேலேயிருந்து இறங்கப் போகிறவர் 85 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கோடை விழா சமயத்தில் வாடகை மின் ஸ்கூட்டரில் வருபவர்களுக்கு விடுதிக்காரர்களே இதைச் சொல்லி அனுப்பினால் புண்ணியம்.

ஏற்றத்தில் வேறு பிரச்சினை. மெதுவாக, பாரத்தோடு, நெடுநேரம் ஏறும்போது மோட்டாருக்குள் மின்னோட்டம் அதிகம். மின்னோட்டம் அதிகமானால் சூடு அதிகம். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இது பழுதல்ல, ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டால் சரியாகும். (நிறுத்தும் இடத்தில் குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையை முன்னால் தொங்கவிடாதீர்கள்.) சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டிகளும் உண்டு, மோட்டார் நடுவில் இருந்து பெல்ட்டோ செயினோ வழியாகச் சக்கரத்தைச் சுழற்றும் வண்டிகளும் உண்டு. இரண்டாவது வகையில் மோட்டார் வேகமாகச் சுழன்று சக்கரத்துக்கு இழுவையைப் பெருக்கித் தருவதால் நீண்ட ஏற்றத்துக்கு வாகு அதிகம். இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால் மலைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று விற்கும் 25 கிலோமீட்டர் வேக வண்டி பற்றி இரண்டு வரி போதும். சட்டப்படி அதன் மோட்டார் 250 வாட். ஏற்காடு ஏற்றத்தில் அந்தச் சக்திக்கு மணிக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர்தான் கிடைக்கும். இரண்டு மணி நேரம் அப்படி ஏறுவதற்குள் மோட்டார் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதை இந்த மலைக்கு வாங்காதீர்கள்.

மின்சாரத்துக்குச் சாதகமாக ஒன்று, அதிகம் பேசப்படாதது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியை விட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மெல்லியது. காற்றைக் குடித்து ஓடும் பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கிறது. மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அடிவாரத்தில் இருந்த பலம் ஒண்டிக்கடையிலும் இருக்கும். டிசம்பர் குளிர் பேட்டரியைச் சற்றே மந்தமாக்கும், அவ்வளவுதான். அதற்கு உண்மையான பகை சேலத்து சித்திரை வெயில். நிழலில் நிறுத்துங்கள், மலையேறி வந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் விடுங்கள்.

சார்ஜ் போடும் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டரில் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டுத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரி பாதுகாப்பு விதிகளை ஒன்றிய அரசு இறுக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. பழைய வண்டியை மலிவாக வாங்குபவர்கள் அந்தத் தேதிகளுக்கு முந்தையதா பிந்தையதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மெல்லிய வயரில் எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு ஜன்னல் வழியாக இழுப்பது கூடாது. படுக்கும் அறையிலும், வெளியேறும் ஒரே வாசலை அடைத்தும் வண்டியை நிறுத்தக் கூடாது. மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரம் லைன் மேல் விழுந்து கரண்ட் போவது இங்கே வாடிக்கை என்பதால், மழை கறுத்தால் இரவுக்குக் காத்திராமல் சாயங்காலமே சார்ஜ் போட்டுவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதையே நின்றுபோனது. அந்த மாதிரி நாளில் எந்த வண்டியும் ஒன்றுதான்.

பணக் கணக்கு எளிது. மேலே சொன்ன நாளுக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும்; 200 ரூபாய்க்கு மேல். மின் வண்டிக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மூன்று யூனிட் சொச்சம். யூனிட் 6 ரூபாய் என்றாலும் 20 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீட்டுக்கு இலவசம் என்பதை இதில் சேர்க்கவில்லை. அது மின்விசிறிக்கும் டிவிக்குமே போய்விடும். தினமும் சேலம் போய்வருபவருக்கு மாதம் நாலாயிரத்துக்கு மேல் மிஞ்சும். வாரம் ஒருநாள் சந்தைக்கு மட்டும் போகிறவர் அவசரப்பட வேண்டாம், இருக்கிற வண்டியையே ஓட்டலாம்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சுற்று சுற்றவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். வீட்டிலிருந்து ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து, சார்ஜ் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொண்டு, அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஓட்டித் தரச் சொல்லுங்கள். மேலே போனதும் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால் அடுத்த பெரிய பேட்டரியைக் கேளுங்கள். இந்த ஓட்டத்துக்கு வண்டி தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.