நோயாளர் முறைப்பாடும் ஊழியர் மனக்குறையும்

திருக்குறளிலே 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்துத் திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களைக் கூறுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை வேளை தவறாது இயற்றிக் கொடுத்து அருகிருப்பவன் என்பனவே அவை. எமது கல்லூரியிலே இவ்வதிகாரத்தைப் பாடமாகக் கேட்ட நாளில், நான்காமவனைப் பற்றி நாம் அதிகம் சிந்தித்ததில்லை. பரீட்சைக்கு அவனுடைய பெயர் ஞாபகமிருந்தாற் போதுமாயிருந்தது. அவனின்றி ஏனைய மூன்றும் எவ்வளவு சிறந்திருந்தும் பயனில்லை என்பதை, வைத்தியசாலை விடுதியொன்றின் வாயிலிலே நின்றபோதே உணர்ந்தோம்.

எண்பது வயது கடந்த எமது சிறிய தாயார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நம் மாகாணத்து அரசாங்க வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்டார். சத்திரசிகிச்சை குறைவின்றி நடைபெற்றது. அதனைச் செய்த வைத்தியருக்கு இன்றும் நன்றியுடையோம். ஆயினும் மூன்றாம் நாள் இரவு அவர் தண்ணீர் கேட்டு விடியும்வரை கிடைக்கவில்லை. மலசலத்துக்கு உதவி கேட்டும் எவரும் வரவில்லை. காலையில் நாம் சென்றபோது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியவாறு, "தம்பி, என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாம் இரண்டு பக்கத்தில் ஒரு முறைப்பாடு எழுதினோம். ஆறு வாரங்களின் பின் மறுமொழி வந்தது. முறைப்பாடு கவனத்திற்கு எடுக்கப்பட்டது என்னும் ஒரே வரி அதிலிருந்தது.

அவ்வைத்தியசாலையைப் பழித்தல் எமது நோக்கமன்று. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்து, இங்கிலாந்திலே நெடுங்காலம் வைத்தியராய்ப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது, அவரிடம் அக்கடிதங்களைக் காட்டினோம். படித்து முடித்தவர், "ஸ்டபோட் என்னும் ஊரின் கதையை நீர் அறிவீரா?" என்று கேட்டார். அன்று அவர் கூறியவற்றையும் பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம். எமது மாணவருள் மருத்துவபீடத்தை நாடுவோர் பலராதலால், இது இம்மலருக்குப் பொருந்தும் என எண்ணுகின்றோம்.

இங்கிலாந்தின் மத்திய பகுதியிலுள்ள ஒரு சிறு நகரம் ஸ்டபோட். அங்குள்ள வைத்தியசாலை, 1948 யூலை 5 இல் ஆரம்பமான தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்தது. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளைப் போலவே, நோயாளர் அங்கு சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதில்லை. 2005 ஆம் ஆண்டுக்கும் 2009 ஆம் ஆண்டுக்கும் இடையில் அங்கு நிகழ்ந்தவை பின்னர் இரண்டு விசாரணைகளுக்கு உள்ளாயின. அவ்விரண்டுக்கும் தலைமை வகித்தவர் றொபேட் பிரான்சிஸ் என்னும் நியாயவாதி. முதலாவது அறிக்கை 2010 இல் வெளிவந்தது. பகிரங்க விசாரணையாகிய இரண்டாவது, 139 நாட்கள் இருந்து சாட்சியங்கேட்டு, 2013 பெப்ருவரி 6 இல் 290 சிபாரிசுகளுடன் வெளியிடப்பட்டது.

அவ்வறிக்கைகளிற் கூறப்பட்டவற்றுட் பல பெரிய மருத்துவப் பிழைகளல்ல. உணவுத்தட்டு நோயாளியின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டுப் பின் தொடப்படாமலே எடுத்துச் செல்லப்பட்டது. அழைப்புமணி அடித்தும் ஆள் வரவில்லை. அழுக்கடைந்த படுக்கையிலே முதியோர் நெடுநேரம் கிடந்தனர். மலசலகூடத்திற்குச் செல்ல உதவியின்றித் தவித்தனர். படித்தபோது எமது சிறிய தாயாரின் முகமே கண்முன் நின்றது. இவற்றைச் சீர்செய்யப் புதிய மருந்தெதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒருவர் அருகே வந்து தண்ணீர்க் குவளையை ஒரு முழம் நகர்த்தி வைத்திருந்தாற் போதும்.

நோயாளரும் உறவினரும் இவற்றைச் சொல்லாமலிருக்கவில்லை. ஜூலி பெயிலி என்னும் பெண்மணியின் தாயார் 2007 நவம்பரில் அவ்வைத்தியசாலையிலே இறந்தார். தாயின் கட்டிலருகே இருந்து கண்டவற்றை அவர் மறக்கவில்லை. அந்நகரிலே தாம் நடத்திவந்த சிறு தேநீர்க்கடையையே கூடுமிடமாக்கி, தம்மைப்போல் உறவினரை இழந்தோரை ஒன்றுசேர்த்தார். இறந்தோரின் படங்கள் அக்கடைச் சுவரிலே தொங்கின. அரசாங்கம் பகிரங்க விசாரணைக்கு உடன்படும்வரை அவர்கள் ஓயவில்லை.

இனி, ஊழியரின் பக்கத்தையும் பார்ப்போம். 2006-2007 நிதியாண்டில் ஒரு கோடி பவுண் மிச்சம்பிடிக்க வேண்டுமென நிர்வாகம் தீர்மானித்து, 150 க்கு மேற்பட்ட உத்தியோகங்களைக் குறைத்தது. முன்னரே ஆட்குறைவால் வருந்திய விடுதிகள் மேலும் வெறுமையாயின. 2009 மார்ச் மாதத்தில் வெளிவந்த பரிசோதனை ஆணைக்குழுவின் அறிக்கையைப் படிப்போர் திகைப்பர். அவசர சிகிச்சைப் பிரிவிலே, எந்நோயாளியை முதலிற் பார்ப்பது என்பதை மருத்துவப் பயிற்சியில்லாத வரவேற்பு எழுதுவினைஞர் தீர்மானித்த வேளைகள் இருந்தன. இருதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகளை இயக்கத் தாதியர் சிலர் பயிற்றப்படாமையால், அவை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

அப்பிரிவிலே பணிபுரிந்த ஹெலீன் டொனெலி என்னும் தாதி நூற்றுக்குக் கிட்டிய தொகையான முறைப்பாடுகளை எழுத்து மூலம் மேலிடத்துக்குச் சமர்ப்பித்தார். ஆட்குறைவைப் பற்றி எழுதினார். நோயாளர் நான்கு மணித்தியாலத்துக்குள் கவனிக்கப்பட்டு அனுப்பப்படல் வேண்டும் என்னும் விதியைக் காப்பதற்காக நேரக்குறிப்புக்கள் பொய்யாக எழுதப்பட்டதையும் வெளிப்படுத்தினார். அதற்கு அவர் பெற்ற வெகுமதி சக ஊழியரின் பயமுறுத்தல். வேலை முடிந்து இருளிலே தமது வாகனத்துக்குத் தனியே நடந்து செல்ல அஞ்சி, வீட்டார் எவரேனும் வந்து தம்மை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது என அவர் விசாரணையிலே சாட்சியங் கூறினார்.

இங்கேதான் எமது மனம் நின்றுவிட்டது. கட்டிலின் ஒரு பக்கத்தில் மகள் முறையிடுகின்றாள். மறுபக்கத்தில் தாதி முறையிடுகின்றாள். இருவரும் கூறுவது ஒன்றே. ஆயினும் இருவர் கூற்றும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. நோயாளரின் முறைப்பாடுகள் நிர்வாகசபையின் மேசைக்குச் சென்றபோது, இம்மாதம் இத்தனை, சென்ற மாதம் இத்தனை என்னும் எண்ணிக்கையாகவும் வகைப்பிரிவாகவுமே சென்றன; உள்ளடக்கம் செல்லவில்லை. தண்ணீரின்றிக் கிடந்த கிழவி ஒரு புள்ளிவிபர அட்டவணையிலே 'பராமரிப்பு - 1' என்று ஆகிவிட்டால், எந்தச் சபைதான் திடுக்கிட்டு எழும்? முறைப்பாட்டின் முழு விபரத்தையும் நிர்வாகசபையினர் அறிதல் வேண்டும் என்று பிரான்சிஸ் வற்புறுத்தியது இதனாலேயே. எண்களைப் பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். ஸ்டபோட்டிலே 400 முதல் 1200 வரையானோர் வீணே இறந்தனர் எனப் பத்திரிகைகள் எழுதின. அக்கணக்கைக் கொண்டு இத்தனை மரணம் இதனால் நேர்ந்தது என முடிவுகட்டுதல் பொருந்தாது என்று பிரான்சிஸே எச்சரித்தார். அக்கணக்கு இல்லாவிடினும் அங்கே நடந்தவை கொடியவையே.

நல்ல மனமுடைய ஊழியர் எவ்வாறு கல்மனமுடையோர் ஆகின்றனர்? இதற்கு விடையை நாம் ஸ்டபோட்டுக்கு நெடுநாள் முன்னே நடந்த ஓர் ஆய்விற் கண்டோம். இலண்டன் போதனா வைத்தியசாலையொன்றிலே தாதியரின் நிலையை ஆராய்ந்த இசபெல் மென்சிஸ் என்பவர் 1960 அளவில் அதனை வெளியிட்டார். அங்கே தாதியர் நோயாளியைப் பெயர் சொல்லாது, 'பத்தாங் கட்டில் ஈரல்' என்பது போலக் கட்டில் எண்ணாலும் நோயின் பெயராலும் குறித்தனர். ஒரு நோயாளியை ஒரு தாதி முழுமையாகப் பராமரிக்காமல், ஒவ்வொரு சிறு வேலையையும் ஒவ்வொருவர் எல்லா நோயாளர்க்கும் செய்தனர். மரணத்தையும் வேதனையையும் நாள்தோறும் நெருங்கிப் பார்ப்பவருடைய மனம் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய மதில் இது என்றார் மென்சிஸ். ஆனால் அம்மதில் தாதியரையும் காக்கவில்லை. பயிற்சிக்கு வந்தோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் இடையில் விலகினர். அவர்களுட் பலர் திறமையில் சிறந்தவர்களாயிருந்தனர்.

எல்லாக் கொடுமைக்கும் ஆட்குறைவே காரணம் என நாம் கூறவரவில்லை. ஒரே விடுதியிலே, ஒரே இரவிலே, ஒரே வேலைப்பளுவின் கீழ் ஒரு தாதி அன்பாயும் இன்னொருவர் கடுமையாயும் இருப்பதை எவரும் காணலாம். கடுஞ்சொல்லுக்குச் சம்பளப் பற்றாக்குறையைச் சாட்டாகக் கூறுதல் எமக்கு உடன்பாடன்று. எமது நண்பரோ மறுபுறத்தையும் எடுத்துக்காட்டினார். நோய் மாறி வீடு செல்லும்போது பழக்கூடை வைத்தியருக்குப் போகின்றது. கட்டில் கிடைக்காத கோபமும் மருந்து இல்லாத கோபமும் அருகில் நிற்கும் தாதியின் தலையில் விழுகின்றன. விடுதிக்குள் நுழைந்து ஏசுவோரும் கையோங்குவோரும் நம்மவரிலும் உளர். அத்தகையோரின் கூச்சலுக்கு இடையே நியாயமான முறைப்பாட்டின் குரல் கேட்காது போகின்றது. வாய்திறவாதோரின் குறையோ ஒருவர் செவிக்கும் எட்டுவதில்லை. நாளைக்கும் இதே வைத்தியசாலைக்கே வரவேண்டும் என்னும் அச்சத்தால் வறியவர் பெரும்பாலும் பேசார். ஸ்டபோட்டிலும் இவ்வச்சம் இருந்ததை அறிக்கை குறிப்பிடுகின்றது.

முறையிடுபவர் வேண்டுவது யாது? நட்டஈடு என்றே பலர் எண்ணுவர். வைத்தியர்மீது வழக்குத் தொடர்ந்த 227 நோயாளரையும் உறவினரையும் ஆராய்ந்த ஒரு கட்டுரை 1994 இல் 'லான்செற்' என்னும் மருத்துவ வெளியீட்டிலே வந்தது. நட்டஈட்டை விரும்பியோர் இருந்தனர். ஆயினும் நடந்தது என்ன, ஏன் நடந்தது என்னும் விளக்கத்தையும், வேறொருவருக்கு இது நேராதிருக்க வேண்டும் என்பதையும், செய்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் அவர்கள் வேண்டினர். எமது இரண்டு பக்கக் கடிதத்திலும் பணம் என்னும் சொல் இருக்கவில்லை. கடுந்தீங்கு நேர்ந்தால் நோயாளிக்கு அதனை ஒளிக்காது கூறி மன்னிப்புக் கேட்டல் வேண்டும் என்பது, பிரான்சிஸின் அறிக்கையை அடுத்து, 2014 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையிலே சட்டக் கடமையாயிற்று.

ஸ்டபோட்டின் கதை இனிதே முடிந்தது என எழுத எமக்கும் விருப்பமே. 2013 ஏப்ரிலில், வைத்தியசாலையின் பிரிவுகள் மூடப்படும் என அஞ்சிய நகரமக்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் சென்றனர். அவர்களுக்கு அது தம் பிள்ளைகள் பிறந்த இடம். அவர்களுட் சிலர் தமது கோபத்தை நிர்வாகத்தின்மேலன்றி, உண்மையை வெளிக்கொணர்ந்தவர்மேற் காட்டினர். ஜூலி பெயிலியின் தாயாருடைய கல்லறை சேதப்படுத்தப்பட்டது. அவர் கடையைவிட்டு அந்நகரையே நீங்கினார். 2014 நவம்பர் 1 இல் வைத்தியசாலை வேறு பெயருடன் வேறு நிர்வாகத்தின் கீழ்ச் சென்றது. டொனெலி 2014 ஆம் ஆண்டுப் புதுவருட கௌரவப் பட்டியலிலே பட்டம் பெற்றார்.

எமது சொந்த விடயத்துக்கு மீள்வோம். ஈராண்டின் பின் ஒரு கலியாண வீட்டிலே, அவ்விரவு கடமையிலிருந்த தாதியைத் தற்செயலாகச் சந்தித்தோம். அதற்குள் அவர் இளைப்பாறிவிட்டார். நாம் யாரென்று அறிந்ததும் முகம் வாடி, "ஐயா, அந்த அம்மாவை எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். அவ்விரவு நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளர்க்கு அவரும் ஒரு சிற்றூழியருமே இருந்தனர். இருவர் மரணத் தறுவாயிற் கிடந்தனர். அவர்களுள் ஒருவர் விடியுமுன் இறந்தார். விடுதிமேல் ஒரு முறைப்பாடு வந்திருக்கின்றது என அவருக்குச் சொல்லப்பட்டதேயன்றி, எமது கடிதம் காட்டப்படவில்லை. அதன் பிரதியைக் கொடுத்தோம். கண்ணாடியை அணிந்து இரண்டு பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். பின்பு, இரவுக் கடமைக்கு இன்னொரு தாதியையேனும் தரும்படி தாமும் மேலிடத்துக்கு மூன்று முறை எழுதியதாகக் கூறி, மறுநாள் அவற்றின் பிரதிகளை எமது வீட்டுக்குக் கொணர்ந்தார். மூன்றாவது கடிதத்தின் திகதி, எமது கடிதத்துக்கு மூன்று நாள் முந்தியது. இரண்டும் ஒரே அலுவலகத்துக்கே விலாசமிடப்பட்டிருந்தன.