கல்லும் கோயிலும்

பண்டைத் தமிழகத்துக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்தமையின் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. இக்குறை நீங்கக் கல்லை நாடியவன் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன். செங்கல், மரம், உலோகம், சுதை என்பனவின்றி மும்மூர்த்திகட்குக் கோயில் அமைத்தமையை அவனது மண்டகப்பட்டுக் கல்வெட்டுக் கூறுகின்றது. 7ஆம் நூற்றாண்டிற் குடைவரையாகத் தோன்றிய இப்பணி, இராசசிம்மன் காலத்தில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலாகக் கட்டடவுருப் பெற்றது. 1010இல் இராசராசசோழன் நிறைவேற்றிய தஞ்சைப் பெருவிமானத்தில் உச்சநிலை எய்தியது.

சோழராட்சி ஈழத்திற் பரவியபோது இக்கலையும் உடன்வந்தது. பொலன்னறுவையிலுள்ள வானவன்மாதேவி ஈச்சரம் இதற்குச் சான்று. அடிமுதற் சிகரம்வரை கல்லாலாய அச்சிறுகோயிலை எழுப்பிய சோழராட்சி ஈழத்தில் நூறாண்டும் நிலைக்கவில்லை. கோயிலோ இன்றும் நிற்கின்றது. மகேந்திரவர்மன் கல்லை நாடியதன் பயன் இதனாற் பெறப்படும்.