ஓரகத்தி படித்தாள், பாடம் கற்றது நான்!

எனக்கு வயது 37. படிப்பு பிளஸ் 2. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மாமனார் காலமாகிவிட்டார். மாமியார், நாங்கள், என் கொழுந்தனார் குடும்பம் என எட்டுப் பேருக்கு ஒரே அடுப்பு. என் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தில் என் பெருமையை எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைத்தான் முதலில் எழுத வேண்டும்.

என் ஓரகத்தி என்னைவிட ஆறு வயது சிறியவள். பி.எஸ்சி. கணிதம். கல்யாணமாகி வந்ததும் பட்டச் சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டியவள்தான். கொழுந்தனார் துபாயில் வேலை பார்த்தார். 2020-ல் கொரோனா சமயத்தில் வேலை போய் ஊருக்கு வந்துவிட்டார். அனுப்பிய பணமெல்லாம் கடனுக்கே சரியாகிப் போயிருந்தது. இங்கே கிடைத்த வேலையில் வட்டி கட்டத்தான் முடிந்தது.

2021-ல் என் ஓரகத்தி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். மாதம் 6,000 ரூபாய் சம்பளம். ஒரு வருஷம் போனது. "பி.எட். இல்லாதவங்களை இனிமே வச்சுக்க முடியாது" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நான் பி.எட். படிக்கலாம்னு இருக்கேன். ரெண்டு வருஷம். பையனை மட்டும் நீங்க பாத்துக்குவீங்களா?"

அவள் பையனுக்கு அப்போது நாலரை வயசு. பாதி நேரம் என் இடுப்பிலேயே கிடப்பவன். அவனைப் பார்த்துக்கொள்வது எனக்கு ஒரு பாரமே இல்லை. ஆனாலும் நான் சொன்னது என்ன தெரியுமா? "எனக்கே இடுப்பு ஒடியுது. நான் என்ன இந்த வீட்டு ஆயாவா?"

அவள் ஒன்றும் பேசவில்லை. மாமியாரும் தன் பங்குக்கு, "ஒரு டிகிரிய வாங்கி பீரோவுல பூட்டி வச்சிருக்கா. இன்னொண்ணு எதுக்கு? அதையும் பூட்டி வைக்கவா?" என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஏன் அத்தனை கோபம்? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2006-ல் நான் பிளஸ் 2-வில் 1,200-க்கு 862 மார்க் வாங்கினேன். தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரிக்கு அப்பாவே போய் விண்ணப்பம் வாங்கி வந்தார். அதைப் பூர்த்தி செய்து கொடுப்பதற்குள் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. தம்பிகள் இரண்டு பேர், ஆஸ்பத்திரிச் செலவு, வயல் வேலை. அந்த விண்ணப்பம் இன்றைக்கும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எனக்கு ஒரு பட்டத்துக்கே வழியில்லாமல் போச்சு, இவளுக்கு இரண்டாவதா என்கிற எரிச்சல்தான். எனக்குப் பிற்பாடு புரிந்த விஷயம் இது. அன்றைக்குப் புரியவில்லை.

புரிய வைத்தவள் என் மகள். அப்போது ஏழாம் வகுப்பு. தலை பின்னிவிடும்போது கேட்டாள்: "அம்மா, சித்தி படிச்சா உனக்கு ஏன் கோவம் வருது? நாளைக்கு நான் ரெண்டு டிகிரி படிச்சாலும் இப்படித்தான் கோச்சுக்குவியா?"

பின்னல் கையிலேயே நின்றுவிட்டது. "போடி, வாயாடி" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஓரகத்தியைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு, "விண்ணப்பம் போடு. பையன் என்கூட இருக்கட்டும்" என்றேன். அவள் அழுதுவிட்டாள். எனக்கும் தொண்டையை அடைத்தது.

பி.எட். என்பதும் இளநிலைப் பட்டம்தான். ஆனால் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள்தான் அதில் சேர முடியும். முன்பு ஒரு வருஷப் படிப்பாக இருந்தது. 2015-ல் இருந்து இரண்டு வருஷம் ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஒரத்தநாட்டிலேயே அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி.யில் நல்ல மார்க் இருந்ததால் 2022-ல் அங்கேயே இடம் கிடைத்தது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் எங்கள் கைக்கு அடங்கியது. பஸ்ஸுக்கும் செலவில்லை. 2021-ல் இருந்துதான் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே!

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பல வருஷம் கழித்து மறுபடி பெஞ்சில் போய் உட்காருவது லேசான காரியமில்லை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அவளைவிட வயதில் சின்னவர்கள். முதல் நாளே ஒரு பெண் அவளை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றிருக்கிறது. வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். ஆனால் முதல் மாதம் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வந்தது. "எழுத்து கண்ணுல நிக்க மாட்டேங்குதுக்கா" என்பாள். காலை நாலு மணிக்கு எழுந்து இட்லிக்கு அடுப்பு மூட்டுகிற நான் அவளையும் எழுப்பிவிடுவேன். நான் சட்னி அரைக்க, அவள் அடுப்படிப் படியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள்.

அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் காதில் விழுந்தது. ஒருநாள் பியாஜே என்கிற ஸ்விட்சர்லாந்து அறிஞரைப் பற்றிப் படித்தாள். குழந்தைகளின் புத்தி எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று ஆராய்ந்தவராம். "வாங்கக்கா, செஞ்சு பார்ப்போம்" என்று ஒரே அளவான இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றினாள். அவள் பையனிடம் கேட்டதற்கு இரண்டும் ஒண்ணுதான் என்றான். அவன் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றினாள். "இப்ப எதுல ஜாஸ்தி?" என்றாள். "உசரமா இருக்கே, அதுலதான்" என்றான். என் மகளோ, "அதே தண்ணிதானே சித்தி" என்று சிரித்தாள். ஏழு வயசுக்குள் இருக்கிற குழந்தைக்கு உயரம்தான் கண்ணுக்குத் தெரியுமாம். அளவு மாறவில்லை என்பது புரியாதாம். 'எனக்கும் அந்த வயசுதான் போல. அவ உசரத்தை மட்டும் பார்த்துப் பொறாமைப்பட்டேன்' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பி.எட்.டில் எழுத்து வேலைதான் அதிகம். ரெக்கார்டு நோட்டு, பாடத் திட்டம், சார்ட், மாடல் என்று வீடு முழுக்கக் காகிதமும் தெர்மாகோலும்தான். இரண்டாம் வருஷம் 16 வாரம் ஒரு பள்ளிக்குப் போய் உண்மையாகவே வகுப்பு எடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகை எண், குறை எண் எப்படிப் புரிய வைப்பது என்று தவித்தாள். நான் அப்போது புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். "ஏன், புளியங்கொட்டை இருக்கே. தாயம் விளையாட ஒரு பக்கம் தேய்ப்போமே, அப்படித் தேய்ச்சு வெள்ளைப் பக்கம் கூட்டல், கறுப்புப் பக்கம் கழித்தல்னு வச்சுக்கோ. ஒரு வெள்ளைக்கு ஒரு கறுப்பு சரியாப் போச்சு. மிச்சம் எத்தனைன்னு பார்க்கச் சொல்லு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அஞ்சு வெள்ளை, மூணு கறுப்பு வைத்தாள். மூன்று ஜோடியை எடுத்துவிட்டால் மிச்சம் இரண்டு வெள்ளை. அன்று ராத்திரி நானும் என் மகளும் வாசல் சிமெண்ட் தரையில் 200 புளியங்கொட்டை தேய்த்தோம். அந்த வகுப்பு நன்றாக நடந்ததாம். பார்வையிட வந்த பேராசிரியை, யார் யோசனை என்று கேட்டதற்கு, "எங்க அக்காவோடது, மேடம்" என்று சொல்லியிருக்கிறாள். 862 மார்க் வாங்கின அன்று வந்த சந்தோஷம் எனக்கு அன்றைக்கு மறுபடி வந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன். மூன்று மாசம் படுக்கை. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து, "சின்ன மருமக காலேஜுக்குப் போறாளாமே, கிழவிய யாரு பார்க்கறது? நிறுத்தச் சொல்லுங்க" என்றார்கள். அவளும் நின்றுவிடத் தயாராகிவிட்டாள். இன்னும் நாலு மாசம்தான் பாக்கி.

இதே பேச்சை இரண்டு வருஷத்துக்கு முன் நானே பேசியிருப்பேன். அன்று நடுக்கூடத்தில் நின்று, "அத்தையை நான் பார்த்துக்கிறேன். அவ படிப்பு நிக்கக் கூடாது" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். மறுநாளில் இருந்து கடையை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்து, அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதைத் தன் வேலையாக்கிக்கொண்டார். கொழுந்தனார் தண்ணீர் பிடிக்கவும், துணி அலசவும் கற்றுக்கொண்டார். பெண் படித்தால் வீடு கெட்டுவிடும் என்பார்களே, எங்கள் வீட்டு ஆண்களுக்குக் குழாயடி தெரிந்ததுதான் கண்ட பலன்.

மாமியாருக்குப் படுக்கையில் பொழுது போகவில்லை. சாயங்காலம் அஞ்சு மணி ஆனால், "சின்னவ வந்துட்டாளா? இன்னிக்கு என்ன பாடம் எடுத்தாளாம்?" என்று கேட்க ஆரம்பித்தார். கேலி செய்தவர்தான் கடைசியில் முதல் மாணவி.

2024-ல் பி.எட். முடித்தாள். உடனே அரசு வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டும் என்றால் முதலில் டெட் எனும் தகுதித் தேர்வு. அதில் தேறினாலும் அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை வந்திருக்கிறது. 2025 நவம்பர் 16-ம் தேதி டெட் இரண்டாம் தாள் எழுதினாள். 150 கேள்வி. அன்றும் பையன் என்னிடம்தான். இப்போதைக்கு ஒரு தனியார் பள்ளியில் 15,000 ரூபாய் சம்பளம். 6,000 எங்கே, 15,000 எங்கே! வட்டி போய் அசலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

இரண்டாவது பட்டம் படிக்க நினைக்கும் சகோதரிகளுக்கு, நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எந்த வேலைக்காகப் படிக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆசிரியர் என்றால் பி.எட்., வக்கீல் என்றால் மூன்று வருஷ சட்டப் படிப்பு, நூலகர் என்றால் நூலக அறிவியல் என்று பட்டதாரிகளுக்கு வழிகள் இருக்கின்றன. பி.எட்.டை வீட்டிலிருந்தே தொலைதூரக் கல்வியில் படித்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் உடனே பணம் கட்டாதீர்கள். அது ஏற்கெனவே முறையான ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் போன்றோருக்குத்தான். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதி தந்திருக்கிறது. ஆனால் குடும்பப் பெண்ணுக்கு ஒன்றை ஒழுங்காக முடிப்பதே பெரிய காரியம் என்பது என் கருத்து.

என்னைப் போல் முதல் பட்டத்துக்கே ஏங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் 2 முடிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கினால் தமிழக அரசு வேலைக்கு அது செல்லாது. பத்தாவது, பிளஸ் 2, அப்புறம் பட்டம் என்ற வரிசை தவறக் கூடாது. என்னிடம் பிளஸ் 2 இருந்ததால் 2024-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டேன். விண்ணப்பம் நிரப்பியவள் என் ஓரகத்தி. 18 வருஷம் தாமதமாக ஒரு விண்ணப்பத்தில் என் பெயரைப் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன்.

இப்போது காலை நாலு மணிக்கு எங்கள் அடுப்படியில் சட்னி அரைப்பது அவள். படியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது நான். என் மகள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு பக்கத்தில். "காலங்காத்தால மூணு பேரும் ஆளுக்கொரு பாடம் படிச்சா நான் எதைக் கேக்கறது?" என்று மாமியார் கட்டிலில் இருந்து சத்தம் போடுகிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒருத்தி மறுபடி படிக்க ஆசைப்பட்டால், 'இந்த வயசுல எதுக்கு?' என்று கேட்கும் முதல் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டாம். அவள் பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.