உப்பளத்துச் சிவப்பும் ஒற்றைக் கம்பிப் பதமும்

கோடையின் உக்கிரத்தில் உப்பளப் பாத்தி நீர் வற்றி, அடர்த்தி அளக்கும் பாமே மானியில் 25 டிகிரியைத் தொட்டு, உப்புப் பூக்கும் தறுவாயில் ரோஜா நிறம் கொள்வதையும், அந்நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது ‘கிராம் நெகட்டிவ்’ என்று இரண்டே சொற்களில் ஒரு சீட்டு வந்ததையும் எழுதி, காலராக் கிருமியும் கிராம் நெகட்டிவ்தானே, அப்படியானால் எங்கள் உப்பில் அதன் பங்காளி குடியிருக்கிறதா என்று மரக்காணத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். கேள்வி நியாயமானது, சீட்டுதான் அவசரப்பட்டுவிட்டது.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டேனிஷ் வைத்தியர், நிமோனியாவில் இறந்தோரின் நுரையீரலில் கிருமியைத் திசுவிலிருந்து பிரித்துக் காண்பதற்காக பெர்லினில் கண்ட சாய முறையை 1884-இல் வெளியிட்டார். அது குறையுடையது என்று அவரே ஒப்புக்கொண்டார். பின்வந்தவர்கள் அந்த அடக்கத்தை மறந்து, ஊதா தங்கியவை பாஸிட்டிவ், ஊதா கழன்று சிவப்புச் சாயம் ஏற்றவை நெகட்டிவ் என்று பாக்டீரியா உலகையே இரண்டு ஜாதியாக்கிவிட்டார்கள். சரித்திரம் இவ்வளவு போதும்.

எனக்குப் பிரியமானது சாயமே வேண்டாத மற்றொரு பரீட்சை. ரியூ என்ற ஜப்பானியர் 1938-இல் சொன்னது. நூற்றுக்கு மூன்று பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, வளர்ப்புத் தட்டிலிருந்து எடுத்த கிருமிக் கூட்டத்தை அதில் குழைத்து, ஒரு நிமிஷத்துக்குள் கம்பி வளையத்தை மெல்ல உயர்த்தினால், கிராம் நெகட்டிவ் ஆயின் வளையத்தோடு பளபளவென்று ஓர் இழை எழும்பி வரும். பாஸிட்டிவ் ஆயின் சொட்டு வெறும் கலங்கல் நீராகவே கிடக்கும். நெகட்டிவ் கிருமியின் மெல்லிய சுவரைக் காரம் அரித்துவிட, உள்ளே சுருண்டு கிடந்த டி.என்.ஏ. வெளியே சரிகிறது, மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கே நீளமுள்ள ஈ. கோலை, ஒன்றரை மில்லிமீட்டர் நீள நூலைத் தனக்குள் அடக்கி வைத்திருக்கிறது என்றால், கோடிக்கணக்கான நூல்கள் பின்னிக்கொண்டபின் இழை வராமல் என்ன செய்யும்? பாகு காய்ச்சும் பாட்டி ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே ஒற்றைக் கம்பிப் பதம் பார்ப்பதும் இதுவே. அவசரப்பட்டால் கம்பி விழாதது போல, சுவர் கரையுமுன் தூக்கினால் இங்கும் விழாது. கிண்டிக்கொண்டே இருந்தால் பாகு பூத்துக் கெடும், இங்கே நூல் அறுந்து கெடும். பாகு ஆறினால் இறுகும், இது இறுகாது. பாகை நாவில் வைத்துப் பார்க்கலாம், இதை வைக்கலாகாது என்ற அளவில் உவமையை நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் உப்பளத்துச் சிவப்பு உயிர்கள் இந்தப் பரீட்சையைக் கேலி செய்பவை. காரமே வேண்டாம், வெறும் நல்ல தண்ணீரில் குழைத்தாலே அவை இழை விடும்! அவற்றின் மேலுறை புரதத்தாலானது. சுற்றிலும் திரண்டிருக்கும் உப்பே அதைத் தாங்கி நிற்கிறது. உப்பு நீங்கினால் உறை குலைந்து உயிரே வெடித்துவிடுகிறது. சாயமிடும்போதும் இதே விபத்து: தகட்டைச் சாதாரண நீரில் கழுவியவுடன் கிருமி போய்விட, மிஞ்சிய சிதைவு சிவப்பாகத் தெரிகிறது, பார்ப்பவர் ‘நெகட்டிவ்’ என்று எழுதிவிடுகிறார். உப்பிட்ட மீனைச் சிவக்க வைப்பவையும் இவையே. இவற்றை இரண்டு சதவீத அசிட்டிக் அமிலத்தில் பதப்படுத்தி, உப்பை அகற்றும்போதே தகட்டில் பதிய வைக்கும் உபாயத்தை டுஸோ என்ற ஆய்வாளர் 1955-இல் சொன்னார். அந்த உபாயத்தாலும் கிட்டுவது வடிவமும் நிறமுமே, குலமன்று. 1977-இல் கார்ல் வோஸ் குழுவினர் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்ட பின்னரே ஆர்க்கியா என்ற தனி வம்சம் தெரியவந்தது, இந்த உப்புப் பிரியர்களும் அதில் சேர்ந்தன. காலராவுக்குப் பங்காளி அல்ல, தூரத்து உறவுகூட அல்ல. சிவப்பு முழுவதும் அவற்றுடையதே என்றும் சாதிக்க முடியாது. ஸாலினிபேக்டர் ரூபர் என்னும் மெய்யான கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவும் ஸ்பெயின் உப்பளங்களில் அதே நிறத்தோடு வாழ்வதை 2002-இல் அறிவித்திருக்கிறார்கள்.

சில நிமிஷங்களில் கிருமியின் பெயரைச் சொல்லும் யந்திரம் வந்துவிட்டதே என்பீர்கள். மால்டி-டாஃப் என்ற அந்த யந்திரம் கெட்டிதான். ஆனால் கிருமியை முதலில் தட்டில் வளர்க்க வேண்டும் என்பதும், அதன் ஜாபிதாவில் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கிருமிகளே உண்டு என்பதும் விளம்பரத்தில் பொடி எழுத்திலும் வருவதில்லை.

காலராவின் நிஜமான பங்காளி ஒன்று நம் கடற்கரையில் உண்டு: மீனிலும் இறாலிலும் வரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ். இவ்விரண்டையும் பிரிக்க ஆய்வுக்கூடத்தார் உப்பையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். உப்பில்லாத குழாயில் காலராக் கிருமி வளரும், மற்றது வளராது. எட்டு சதவீத உப்பில் மற்றது வளரும், காலரா வளராது. பத்து சதவீதத்தில் இரண்டுமே வளர்வதில்லை. வாசகரின் பாத்தியில் உப்புப் பூக்கும் வேளையில் இருப்பதோ இருபத்தைந்து சதவீதத்துக்கும் மேல்.